கோத்தகிரி ஏற்றத்துக்கு எந்த எண்டூரன்ஸ் ரோடு பைக்?

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக ஊட்டி ஏற, முதுகு வலிக்காத, வேகமும் குறையாத சைக்கிள், அதாவது நீண்ட தூரம் சொகுசாக ஓட்டும் எண்டூரன்ஸ் ரோடு பைக் கேட்கிறீர்கள். ஃபிரேம் கார்பனா அலுமினியமா என்பதை அப்புறம் பாருங்கள், முதலில் கியர். சுமார் 300 மீட்டரிலிருந்து 2,240 மீட்டருக்குப் போகிறீர்கள். முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரங்கள் (செயின்ரிங்) 50, 34 பற்களிலும், பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு (கேசட்) 34 பல் வரையும் இருந்தால், மிக இலகுவான கியரில் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்றுதான், உட்கார்ந்தபடியே மிதிக்கலாம்.

எண்டூரன்ஸ் ஃபிரேமில் ஹேண்டில்பார் சற்று உயரத்திலும் கிட்டத்திலும் இருக்கும், இடுப்பு அதிகம் மடங்காது. ஆனால் சொகுசில் பெரும்பங்கு டயருக்கு. 32 மி.மீ. டயர் நுழையுமா பாருங்கள். காற்றைக் கல் மாதிரி அடிக்காதீர்கள்.

இறக்கத்துக்கு, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில், அதுவும் மழையில், சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்கை நம்பி நான் இறங்கமாட்டேன். பட்ஜெட் இடித்தால் அலுமினிய ஃபிரேமே போதும்.