ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் இடம் குறைவாக இருந்தால் உள்ளே பதிக்கும் விளக்குகளைப் பொருத்த முடியுமா?

முடியும், விளக்கைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். ஜிப்சம் பலகையில் வட்டமாகத் துளை போட்டு, முகம் மட்டும் கீழே தெரியும்படி உள்ளே செருகும் விளக்கைத்தான் டவுன்லைட் என்கிறோம்.

மேலே இடம் எதற்கு? விளக்கின் உடல் நுழைய, பக்கத்து ஸ்பிரிங் கிளிப்புகள் நிமிர்ந்து மடங்க, எல்லாவற்றுக்கும் மேலாக, சூடு வெளியேற. போனைத் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போட்டால் கொதிக்குமே, அதே கதைதான். சூடு தேங்கினால் முதலில் கெடுவது பெரும்பாலும் டிரைவர், அதாவது மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி.

அதனால் கான்கிரீட் தளத்துக்கும் பலகைக்கும் நடுவே உள்ள உயரத்தை முதலில் அளந்துவிடுங்கள். இரண்டு அங்குலம்தான் என்றால் ஆழமான சிஓபி விளக்கு (பல எல்இடி சில்லுகளை ஒரே தட்டில் நெருக்கமாகப் பதித்த வகை) வேண்டாம், மெல்லிய பேனல் வகை போதும். டிரைவரை விளக்கின் முதுகில் ஏற்றாமல், வயர் எட்டும் தூரத்தில் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். எலக்ட்ரீஷியன் அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுவார், பக்கத்தில் நின்று கேளுங்கள். ஓர் அங்குலம்கூட இல்லையென்றால் பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டினாற்போல் பொருத்தும் விளக்குதான் நல்லது.

எல்இடி சூடாகாது என்று பலர் நம்புகிறார்கள். அதன் வெளிச்சத்தில்தான் சூடு குறைவு, பின்பக்கம் நன்றாகவே சூடாகும்.