குற்றம் செய்யாதவரின் துப்பாக்கியை நீதிமன்றம் வாங்கிவைப்பது நியாயமா?

அமெரிக்காவில், எந்தக் குற்றமும் செய்யாத ஒருவரின் துப்பாக்கியை நீதிமன்றம் எப்படி வாங்கிவைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வாஷிங்டன் மாநிலத்தில் வசிக்கிறேன். நியாயம் என்றே சொல்வேன்.

தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடியவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கிவைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் இந்தச் சட்டம் இங்கே 2016-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. குடும்பத்தாரோ போலீசாரோ மனுக் கொடுக்கலாம். ஆபத்து நெருங்கிவிட்டது என்று நீதிபதி கருதினால், மறுதரப்பைக் கேட்காமலே தற்காலிக உத்தரவு போடுவார். 14 நாட்களுக்குள் முழு விசாரணை. துப்பாக்கிக்கு உரியவர் தன் பக்கத்தை அங்கே சொல்லலாம். அதன் பிறகும் உத்தரவு நிலைத்தால் ஓராண்டு. இது குற்ற வழக்கே இல்லை. உத்தரவை மீறினால் குற்றம், பொய் மனுக் கொடுத்தாலும் குற்றம்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் மனைவி இறந்த பின் ஒடுங்கிப்போனார். "நானும் அவளிடமே போய்விடுகிறேன்" என்று மகளிடம் அடிக்கடி சொல்லத் தொடங்கினார். மகள் மனுவை நிரப்பியபோது துணைக்கு இருந்தேன். வீட்டில் என்னென்ன துப்பாக்கிகள், எங்கே இருக்கின்றன என்று ஒரு பகுதி கேட்கிறது. கட்டிலருகே இழுப்பறையில் கைத்துப்பாக்கி, கராஜில் வேட்டைத் துப்பாக்கி என்று எழுதியவர், "அப்பாவையே காட்டிக்கொடுக்கிறேனே" என்று அழுதுவிட்டார். போலீசார் வந்து வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்துப் போனார்கள். பெரியவர் வெகுநாள் மகளிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறார். இப்போது பேசவும் செய்கிறார்.

அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். சாகத் தூண்டும் அந்த வேகம் பெரும்பாலும் தணிந்துவிடக்கூடியது. கையெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் தணிய அவகாசமே கிடைப்பதில்லை. இந்தச் சட்டத்தின் பயன் அந்த அவகாசம்தான்.

சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துவார்களோ என்ற அச்சம் நியாயமானது. எனக்கோ, பயன்படுத்தாமல் விடுகிறார்களே என்ற கவலைதான் பெரிது. நியூயார்க்கில் 2019 முதலே இந்தச் சட்டம் இருக்கிறது. 2022-இல் பஃபலோ நகரின் பல்பொருள் அங்காடியில் 10 பேரைச் சுட்டுக்கொன்றவன், முந்தைய ஆண்டு பள்ளியில் கொலை, தற்கொலை பற்றி எழுதி, போலீசாரால் மனநலப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவன். யாரும் மனுக் கொடுக்கவில்லை. துப்பாக்கியைக் கடையில் சட்டப்படியே வாங்கினான். ஃபுளோரிடாவிலோ குடும்பத்தார் நேரடியாக மனுக் கொடுக்கவே முடியாது, போலீசாருக்கு மட்டுமே உரிமை. அது மாறியாக வேண்டும்.

வாஷிங்டனில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் தயங்காதீர்கள். தற்கொலை எண்ணம், மனநெருக்கடி உள்ளவர்களுக்கான அமெரிக்க உதவி எண்ணான 988-ஐ எந்நேரமும் அழைத்துப் பேசலாம்.