மிஷனரியாக வெளிநாட்டில் பணி செய்தபோது நீங்கள் கற்றுக்கொண்ட பாடம் என்ன?

கேள்வியின் கீழே "அங்கே போவதற்கு முன் எப்படித் தயாராக வேண்டும்" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். புறப்படத் தயாராக இருக்கும் தம்பியோ தங்கையோ என்று தோன்றுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்குச் சொந்த ஊர் மதுரைக்குப் பக்கத்தில் மேலூர். துறவற சபையைச் சேர்ந்த செவிலி. தான்சானியாவில், விக்டோரியா ஏரிக்குத் தெற்கே, முவான்சாவிலிருந்து பஸ்ஸில் நான்கு மணி நேரம் போகிற ஒரு கிராமத்து மருந்தகத்தில் ஒன்பது வருடம் இருந்தேன்.

"மதம் மாற்றப் போனவர்தானே" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் என் அம்மா பிறப்பதற்கு முன்பே கிறிஸ்தவக் கோயில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு என்னைவிட ஊர்க்காரர்கள்தான் சீக்கிரம் வருவார்கள். நான் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தேன், பிரசவம் பார்த்தேன். இதை நம்பாதவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மொழிப் பயிற்சி முடித்து மருந்தகத்துக்கு வந்த இரண்டாவது மாதம். மூன்று வயதுப் பையனை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு ஒரு தாய் வந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. பரிசோதித்ததில் மலேரியா. அதற்கு ஆர்ட்டிமீதரும் லூமிஃபான்ட்ரினும் சேர்ந்த மாத்திரை, மூன்று நாளில் ஆறு வேளை. முதல் வேளை கொடுத்து எட்டு மணி நேரத்தில் இரண்டாவது கொடுக்க வேண்டும். பகல் 12 மணிக்கு நானே கரைத்துப் புகட்டினேன். அடுத்தது இரவு 8 மணிக்கு. "சா நானே உசிகு" என்று சொல்லி அனுப்பினேன். சா என்றால் மணி, நானே என்றால் எட்டு, உசிகு என்றால் இரவு.

சுவாஹிலியில் மணியைப் பொழுது விடிவதிலிருந்து எண்ணுவார்கள். நமக்குக் காலை 7 என்றால் அவர்களுக்கு ஒரு மணி. நம் இரவு 8 அவர்களுக்கு இரண்டு. நான் சொன்ன எட்டு, நடுச்சாமம் தாண்டி 2 மணி. வகுப்பில் இதைச் சொல்லித்தான் கொடுத்தார்கள், பரீட்சையிலும் சரியாகத்தான் எழுதினேன். எங்கள் அப்பத்தா உதயத்திலிருந்து நாழிகை எண்ணிச் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் வேறு. அப்படியும் கூட்ட நெருக்கடியில் வாயில் வந்தது நம் ஊர்க் கடிகாரக் கணக்குதான்.

அந்த அம்மா பக்கத்து வீட்டில் செல்போனை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல் காத்திருந்து, 2 மணிக்குப் பிள்ளையை எழுப்பி மாத்திரை கொடுத்திருக்கிறார். ஆறு மணி நேரம் தாமதம். மறுநாள் எங்கள் உதவியாளரிடம் அவர் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. பையன் பிழைத்துக்கொண்டான். "ராத்திரி எதற்கு எழுப்பச் சொன்னீர்கள்" என்றுகூட அவர் கேட்கவில்லை. சிஸ்டர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டார். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அன்றிலிருந்து மாத்திரை உறையில் மணிக்கணக்கோடு சூரியனும் நிலாவும் வரைந்தேன். "எப்போது கொடுப்பீர்கள், திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேட்காமல் ஒருவரையும் அனுப்பியதில்லை.

1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலியைப் பற்றி நான் படித்திருக்கிறேன். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு, காவி கட்டி, தமிழும் சமஸ்கிருதமும் கற்றவர். மேல்சாதியினரோடு ஒட்டி வாழ்ந்தார் என்ற குறை அவர்மேல் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் ஊருக்கு வருகிறவர் நம்மைப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற நாம், வெளியே போகும்போது நான்கு மாதப் பயிற்சி போதும் என்று கிளம்பிவிடுகிறோம்.

அங்கே யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று "ஹோடி" என்று குரல் கொடுப்பார்கள். உள்ளிருந்து "கரீபு" என்று பதில் வந்தால்தான் காலெடுத்து வைப்பார்கள். பெரியவர்களைப் பார்த்தால் சின்னவர்கள்தான் முதலில் "ஷிகமோ" சொல்ல வேண்டும், அவர் "மரஹபா" என்பார். சிஸ்டர் என்பதால் எனக்கு முதலில் வணக்கம் வரும் என்று நின்றுகொண்டிருந்த நாள்களும் உண்டு.

ஐந்தாவது வருடம் என் அம்மா இறந்துபோனார். முவான்சா, தார் எஸ் சலாம், மும்பை என்று மாறி மாறி ஊர் வந்து சேர மூன்று நாளாகும். அதுவரை வைத்திருக்க முடியாது என்று அண்ணன் போனில் சொல்லிவிட்டார். சாயங்காலம் வாசலில் "ஹோடி" என்று சத்தம். பாய் சுருட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து பெண்கள். நம் பக்கம் துட்டி கேட்க வருவார்களே, அப்படி. "போலே சானா" என்று கையைப் பிடித்துக்கொண்டு, முற்றத்திலேயே உட்கார்ந்து, மூன்று இரவு அங்கேயே படுத்தார்கள். அவர்களே மக்காச்சோள மாவு கொண்டுவந்து உகாலி கிண்டினார்கள், நம் களி மாதிரி. போகும்போது ஒவ்வொருவரும் மடித்த நோட்டை என் கையில் வைத்து அழுத்தினார்கள். அதற்கு ரம்பிரம்பி என்று பெயர், துக்க வீட்டு மொய். அந்த மாத்திரைப் பையனின் அம்மாவும் ஆயிரம் ஷில்லிங் வைத்தார். அதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடுத்த வருடம் விடுமுறைக்கு வந்தபோது அம்மா வீட்டை விற்க எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். "நீ துறவி, உனக்கெதற்குப் பங்கு" என்று கையெழுத்துக்குப் பத்திரத்தை நீட்டினார்கள். போட்டுக்கொடுத்தேன். பணம் எனக்கு வேண்டாம். ஆனால் அம்மா படுத்திருந்த அந்த அறையை விற்கிறோம் என்று ஒரு வார்த்தை முன்கூட்டிக் கேட்டிருக்கலாம்.

நீங்கள் போவது கிழக்கு ஆப்பிரிக்கா என்றால், மொழிப் பயிற்சியைக் குறைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டுவிடுங்கள். ஊசி போட்டதற்குத் தரும் அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள், திரும்பி வரும்போது இங்கே விமான நிலையத்தில் கேட்கக்கூடும்.