வாசகர் கேள்விகள்: கத்தி விழும் சத்தமும் ஒரு ஜெபமும்

கே: பக்தி ஓபரா என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சிஸ் பூலாங்கின் 'கார்மேல் கன்னியரின் உரையாடல்கள்' அப்படி இல்லை என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். என்னதான் இருக்கிறது அதில்?

ப: கடைசிக் காட்சி இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக் காலம். மரண தண்டனை பெற்ற கார்மேல் சபைக் கன்னியாஸ்திரிகள் 'சால்வே ரெஜினா', அதாவது தமிழில் கிருபைதயாபத்து மந்திரம் என்கிறோமே, அதைப் பாடிக்கொண்டே ஒவ்வொருவராகத் தலை வெட்டும் கில்லட்டினை நோக்கி நடக்கிறார்கள். கத்தி விழும் சத்தத்தையும் இசைக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார் பூலாங்க், ஆனால் தாளத்தோடு ஒட்டாமல், அடுத்தது எப்போது என்று நாம் ஊகிக்கவே முடியாதபடி. ஒவ்வொரு தடவை விழும்போதும் ஒரு குரல் குறைகிறது. வேண்டாம் என்றாலும் மனசு எண்ண ஆரம்பித்துவிடும். கடைசியில் கான்ஸ்டன்ஸ் என்ற சின்னப் பெண் மட்டும் மிஞ்சுகிறாள். அப்போது மடத்தை விட்டுப் பயந்து ஓடிய பிளான்ஷ் கூட்டத்திலிருந்து வெளியே வருகிறாள். கான்ஸ்டன்ஸ் அவளைப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள். அப்புறம் பிளான்ஷ் வேறொரு கீதத்தின் கடைசி அடிகளைத் தனியாகப் பாடுகிறாள், அதையும் கத்தி முடிக்க விடுவதில்லை.

கே: நிஜமாக நடந்ததா, கதையா?

ப: இரண்டும் கலந்தது. கொம்பியேன் ஊர் மடத்தைச் சேர்ந்த 16 பேர் 1794 ஜூலை 17 அன்று பாரீஸில் கொல்லப்பட்டது சரித்திரம். பத்தே நாளில், அந்தப் பயங்கர ஆட்சியை நடத்திய புரட்சித் தலைவர் ரோபஸ்பியர் கவிழ்ந்தார், இன்னும் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தால் பிழைத்திருப்பார்களோ என்னவோ. 1906-ல், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கிடைத்தது. 2024 டிசம்பரில் போப் பிரான்சிஸ் புனிதர்களாக அறிவித்தார்.

பிளான்ஷ் கற்பனைப் பாத்திரம். ஜெர்மன் எழுத்தாளர் கெர்ட்ரூட் ஃபான் லெ ஃபோர்ட் 1931-ல் வெளியிட்ட குறுநாவலில் பிறந்தவள். அதைப் படமாக்குவதற்காக பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெர்னானோஸ் வசனம் எழுதினார், 1948-ல் இறந்தும் போனார். அந்த வசனத்தைச் சுருக்கித்தான் பூலாங்க் இசையமைத்தார். முதல் மேடையேற்றம் 1957 ஜனவரியில், மிலானின் லா ஸ்காலா அரங்கில், அதுவும் இத்தாலிய மொழியில்! பார்க்க வருகிறவர்களின் மொழியில் பாட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

கே: காதலே இல்லாத ஓபராவா?

ப: காதலன் என்று யாரும் கிடையாது, சரி. ஆனால் பிளான்ஷைக் கூட்டிப்போக அவள் சகோதரன் மடத்துக்கு வரும் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், யாரோ காதலர்கள் பிரிகிறார்கள் என்றுதான் நினைப்பீர்கள்.

இன்னொரு காதல், கதைக்கு வெளியே, பூலாங்கின் வாழ்க்கையில். ஆனால் அவரது விசுவாசத்திலிருந்து தொடங்க வேண்டும். 1936-ல் நண்பரும் இசையமைப்பாளருமான ஃபெரூ ஒரு கார் விபத்தில் இறந்தபோது பூலாங்க் ஆடிப்போனார். பிரான்சின் ரொக்கமதூர் ஊரிலுள்ள கருப்பு மாதா கோவிலுக்குப் போய் வந்த பிறகுதான் எப்போதோ கைவிட்ட விசுவாசம் அவருக்குத் திரும்பியது. இந்த ஓபராவை எழுதிய வருடங்களில் அவரது காதலர் லூசியன் நோயில் கிடந்தார், பூலாங்கும் மனம் உடைந்து படுத்துவிட்டார். 1955 அக்டோபரில், வேலை முடியும் தறுவாயில், லூசியன் இறந்தார். தனக்கு வர வேண்டிய சாவைத்தான் லூசியன் வாங்கிக்கொண்டார் என்று பூலாங்க் நம்பினார்.

இது துக்கத்தில் வந்த உளறல் இல்லை, ஓபராவின் உயிர்நாடியே இதுதான். முதல் அங்கத்தில் வயதான மடத்துத் தலைவி சாகிறார். ஆயுள் முழுக்க மரணத்தையே தியானித்தவர், ஆனால் கடைசி நேரத்தில் கடவுள் கைவிட்டுவிட்டார் என்று அலறித் துடிக்கிறார், பக்கத்தில் நிற்கும் கன்னியர்களுக்கே சங்கடமாகிறது. அப்புறம் கான்ஸ்டன்ஸ் விளையாட்டுப்போல ஒன்று சொல்கிறாள்: அந்தச் சாவு அவருக்கு உரியதே இல்லை, கழற்றிக் கொடுத்த மேல்கோட்டுகளை ஆள் மாற்றிக் கொடுப்பதுபோல வேறு யாருடையதையோ கடவுள் கொடுத்துவிட்டார்; அந்த வேறொருத்தி தன் முறை வரும்போது, சாவது இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியப்படப் போகிறாள். இதை ஞாபகம் வைத்துக்கொண்டு கடைசிக் காட்சியில் பிளான்ஷ் நடந்து வருவதைப் பாருங்கள்.

கே: விசுவாசம் இல்லாதவன் நான். எனக்குப் பிடிக்குமா?

ப: பயம் என்றால் என்னவென்று தெரியும்தானே, போதும். இரண்டாம் அங்கம் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவுக்காக ஜான் டெக்ஸ்டர் 1977-ல் செய்த தயாரிப்பு கிடைத்தால் விடாதீர்கள்: திரை விலகினால் சிலுவை வடிவத்தில் ஒரு பெரிய தளம், அதில் கன்னியர்கள் கைகளை விரித்துக் குப்புறக் கிடக்கிறார்கள். 2019-ல் அதைத் திரையரங்குகளுக்கும் ஒளிபரப்பினார்கள். எதைப் பார்த்தாலும் வசன வரிகளோடு பாருங்கள், பேச்சு புரியாமல் பார்த்தால் அந்த மேல்கோட்டு விஷயம் தப்பிப் போய்விடும்.