கொழும்பில் டிசைன், ஓவியம் போன்ற தொழில்கள் வளர நகரம் என்ன செய்ய வேண்டும்? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா?

இறங்கலாம். ஆனால் ஆறு மாத வீட்டுச் செலவுக்குக் காசை ஒதுக்கி வைத்துவிட்டு இறங்குங்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் பகலில் ஒரு அலுவலகத்திலும் இரவில் கொம்பியூட்டருக்கு முன்னாலும் இருப்பவர் போலத் தெரிகிறது. நானும் அப்படி நான்கு வருடம் இருந்தேன். நகரம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு என்னிடம் ஒரே பதில்தான்: செய்த வேலைக்கு நேரத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். விழா, கண்காட்சி எல்லாம் அதற்குப் பிறகு.

என் அப்பா கொட்டாஞ்சேனையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். செட்டியார் தெரு நகைக்கடைகளில் இருந்து ஜம்பட்டா வீதி சைவக்கடைகள் வரை அவர் கை பட்ட பலகைகள் இருந்தன. சுண்ணாம்பு தடவிய நூலைச் சுண்டிக் கோடு போடுவார். மூன்று மொழியும் ஒரே பலகையில் வரவேண்டும் என்றால் முதலில் தமிழுக்குத்தான் இடம் அளப்பார், நம் சொற்கள் நீளம் என்பதால். வேலை முடிந்து ஏணியை இறக்கும்போதே முதலாளி காசை எண்ணிக் கையில் கொடுத்துவிடுவார். டிஜிட்டல் பேனர் வந்ததும் அந்தத் தொழில் போய்விட்டது, அதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஏணியோடு சேர்ந்து அந்தக் காசு கொடுக்கும் பழக்கமும் போய்விட்டதே என்பதுதான் என் வருத்தம்.

2021 டிசம்பரில் ஒரு கொம்பனியின் மும்மொழி விளம்பர வேலை எனக்கு வந்தது. தமிழ் எழுத்துரு வரைவது, பலகைகளுக்குத் தமிழ்ப் பகுதியை அடுக்குவது, எல்லாம் சேர்த்து 90,000 ரூபா. எழுத்து உடையக்கூடாது என்று எல்லாவற்றையும் அவுட்லைனாக, அதாவது டைப் செய்து திருத்த முடியாத வரைவடிவமாக, மாற்றிக் கொடுத்தேன். கடைசி நேரத்தில் அவர்கள் முகவரியை மாற்றியிருக்கிறார்கள். என்னிடம் சொல்லாமல், தமிழ் தெரியாத ஒருவரை வைத்து அந்த வரியைத் திரும்ப டைப் செய்திருக்கிறார்கள். இந்திய மொழிகளுக்கான தெரிவை அந்த மென்பொருளில் போடாவிட்டால் தமிழ் உடைந்துவிடும். பம்பலப்பிட்டியில் பஸ்ஸில் போகும்போது பலகையைப் பார்த்தேன். 'கொழும்பு' என்ற சொல்லில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போயிருந்தது, கால் இன்னும் தள்ளிக் கிடந்தது. இருபது அடிப் பலகையில், இந்த ஊரின் பெயர். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்து படம் எடுத்தேன். கை நடுங்கியது.

தமிழில் பிழை இருக்கிறது என்று சொல்லி எனக்குத் தரவேண்டிய காசைத்தான் நிறுத்தி வைத்தார்கள். நான் கொடுத்த பைலை அனுப்பிக் காட்டினேன். "மல்லி (தம்பி), அடுத்த கிழமை பார்ப்போம்" என்றார் மேலாளர். அப்படியே ஏழு மாதம் போனது. அந்த ஏழு மாதம் எது என்று உங்களுக்குத் தெரியும், நாட்டின் பொருளாதார நெருக்கடிக் காலம். 200 ரூபா அளவில் இருந்த டொலர் 2022 மே மாதத்தில் 360 ஆனது. மார்ச்சில் காகிதம் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். ஜூலையில் 45,000 ரூபாவுக்கு ஒரு காசோலை வந்தது. முழுக் காசையும் வைத்து டிசம்பரில் வாங்கியிருக்கக்கூடியதில் பாதி கூட அதை வைத்து வாங்க முடியவில்லை. அந்த மாதம் மகளின் நடன வகுப்பை நிறுத்தினோம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சிங்கள டிசைனர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. எனக்கு முதல் வேலை வாங்கித் தந்ததே ஒரு சிங்கள நண்பர்தான். நான் சொல்வது பட்ஜெட் போடும் ஆட்களை. சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் 'டிசைன்' என்று காசு ஒதுக்குகிறார்கள். தமிழை 'மொழிபெயர்ப்பு' என்ற வரியில் போட்டு, அச்சுக்கு முதல் நாள் இரவு நினைத்துக்கொள்கிறார்கள். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் 1987 முதல் இருக்கிறது.

வருடத்துக்கு ஒருமுறை ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் கலாபொல என்ற ஓவியச் சந்தை நடக்கிறது, 1993 இலிருந்து. அது நல்ல காரியம். ஓவியர் வீதியோரத்தில் நின்று, வாங்குபவரிடம் நேரே காசு வாங்குகிறார். அதை மாதம் ஒருமுறை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சிறிய அளவில் செய்தால் என்ன? ஓவியர் மட்டும் வேண்டாம், மணவறை அலங்கரிப்பவர், அரங்கேற்றத்துக்கு ஒப்பனை செய்பவர், வீடியோ எடுப்பவர், எல்லோரும் வரட்டும். இவர்களைக் கலைஞர்கள் என்று ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. அவர்களோடு வாதாட எனக்கு நேரமில்லை. இந்த ஊரில் கலையால் மாதாமாதம் வீட்டு வாடகை கட்டும் தமிழர்களில் பலர் இவர்கள்தான். வங்கியும் மாற வேண்டும். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கு 2025 ஏப்ரலில் இருந்து அதிகபட்சம் 15 சதவீத வரி என்றார்கள். சரி, கட்டுகிறேன். ஆனால் அந்த வரிப் பத்திரத்தைக் கடனுக்குக் கொண்டுபோனால் சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்கிறார்கள்.

கேள்விக்குத் தொடர்பில்லாததுதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தயவுசெய்து பாமினி என்ற பழைய எழுத்துருவில் டைப் செய்து அனுப்புவதை நிறுத்துங்கள். யூனிகோட் ஒவ்வொரு போனிலும் இருக்கிறது. போன கிழமை ஒருவர் கல்யாண அழைப்பிதழுக்குரிய விபரத்தைப் பாமினியில் டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, அதைப் போனில் படம் பிடித்து அனுப்பினார். இரண்டு குடும்பத்தாரின் பெயர்களையும் நான் முதலில் இருந்து டைப் செய்தேன். அதில் ஒரு எழுத்துப் பிழை வந்தால் பழி என்மேல்தான்.

அப்புறம், நீங்கள் இறங்கினால் மறக்கக்கூடாதது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வரைந்தவருக்குப் பதிவு எதுவும் இல்லாமலே பதிப்புரிமை உண்டு. வேலைக்கு அமர்ந்து செய்தால் அது முதலாளிக்குப் போகும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் தவிர. வெளியாளாகச் செய்யும்போது எதைக் கொடுக்கிறீர்கள், எத்தனை முறை திருத்துவீர்கள் என்று ஒரு பக்கத்திலாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நான் வழக்கறிஞர் இல்லை, பெரிய ஒப்பந்தம் என்றால் ஒருவரிடம் காட்டுங்கள்.

போன வருடம் அதே கொம்பனி திரும்பக் கூப்பிட்டது. பாதிக் காசு முன்பணம், அச்சகத்தில் கடைசிப் புரூப்பை நான் நேரில் பார்ப்பேன், மீதி அச்சுக்குப் போகும் அன்றே என்று விலைமனுவில் எழுதி அனுப்பினேன். மூன்று கிழமை பதில் இல்லை. பிறகு முன்பணம் வந்தது. மீதியும் சொன்ன நாளில் வந்தது. அந்த விலைமனுவின் மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், பெயர்களை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.