சென்னை தி.நகர் ரங்கநாதன் தெருவில் வழிமறிக்கும் குடிகாரர்கள்: போலீஸ் வருவதற்குள் நழுவிவிடுகிறார்கள் என்றால்

அவசர எண் 112-க்குப் பேசும்போது "ரங்கநாதன் தெரு" என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்துக் கடைப் பலகையில் கீழே சின்ன எழுத்தில் கதவு எண் இருக்கும். அதையும், ஆட்கள் உஸ்மான் ரோடு பக்கம் நகர்கிறார்களா, மாம்பலம் ஸ்டேஷன் பக்கமா என்பதையும் எடுத்தவுடனே சொல்லுங்கள்.

கடை மூடும் நேரக் கூட்டத்தில் ரோந்து வண்டி உள்ளே நுழையாது, காவலர் நடந்துதான் வரவேண்டும். குடிகாரர்கள் நழுவிவிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஸ்டேஷன் படிக்கட்டு, பிளாட்பாரம் என்றால் ரயில்வே எல்லை: ரயில்வே உதவி எண் 139-க்குப் பேசுங்கள்.

தினமும் அதே இடமா? தேதி, நேரத்தோடு போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) கேட்டு வாங்குங்கள். கேமரா பதிவுகள் நாளாக நாளாக அழிந்துவிடும், தள்ளிப்போடாதீர்கள்.

தயவுசெய்து முகத்துக்கு நேரே போனில் படம் எடுக்காதீர்கள். போதையில் கை ஓங்குவது அப்போதுதான்.