மானிட்டர் இல்லாத கணினியில் ஜன்னல் (விண்டோ) திறக்கும் நிரலை ஓட்ட முடியுமா?

முடியும், மெய்நிகர் திரை இருந்தால். அது கணினியின் நினைவகத்திலேயே ஒதுக்கி வைக்கும் ஒரு வரைபலகை. நம் கண்ணுக்குத் தெரியாது. நிரலைப் பொறுத்தவரை அசல் திரைதான்.

லினக்ஸில் பிரவுசர் மாதிரியான நிரல்கள் நேராக மானிட்டரிடம் போவதில்லை. பல கணினிகளில் எக்ஸ் சர்வர் என்ற இடையாளிடம் "எங்கே வரையட்டும்?" என்று கேட்கும். பதில் சொல்ல ஆளில்லை என்றால், திரையைத் திறக்க முடியவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். தர்மபுரியில் எங்கள் கடை மூலையில் மானிட்டர் இல்லாமல் கிடக்கும் பழைய சிபியூ அந்த ஒரே வரியைக் காட்டி என்னைப் பல ராத்திரி படுத்தியிருக்கிறது.

எக்ஸ்விஎஃப்பி (Xvfb) என்பது மெய்நிகர் திரை தரும் ஒரு நிரல். அது அந்த இடையாளின் வேலையை ஏற்றுக்கொண்டு, வரைவதையெல்லாம் நினைவகத்தில் வாங்கி வைக்கிறது. 1280க்கு 1024 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட்: படத்துக்கு மொத்தமே 5 எம்பி.

நம் ஊர்ப் பக்கம் தெருக்கூத்து ஒத்திகை பார்த்திருப்பீர்கள். களத்தில் கோடு கிழித்து இதுதான் மேடை என்பார்கள். விளக்கும் இல்லை, கூட்டமும் இல்லை. துரியோதனன் வேஷக்காரர் கோட்டைத் தாண்டாமல் முழு ஆட்டத்தையும் ஆடி முடிப்பார்.

சரி, ஓட்டுவது எப்படி? கட்டளை வரியில் நிரலின் பெயருக்கு முன்னால் எக்ஸ்விஎஃப்பி-ரன் (xvfb-run) என்று போட்டால் பெரும்பாலும் போதும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளலாம்.

திரை இல்லாததால் வரையும் வேலை மிச்சம், வேகம் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஒவ்வொரு புள்ளியையும் கிராபிக்ஸ் கார்டின் உதவி இல்லாமல் பிராசஸரே வரைகிறது.